ஒன்றில் தொடங்கும் பட்டியலும் பூஜ்யத்தில் தொடங்கும் பட்டியலும்

பொழுதுபோக்காக நான் எழுதிவரும் பொம்மை நிரல் மொழிக்கு இதுவரை வெளியுலகமே தெரியாது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதலாம், கணக்குப் போடலாம், பட்டியல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தேதியைப் பிரிக்க வேண்டுமா, கோப்பைப் படிக்க வேண்டுமா, எல்லாவற்றையும் நானே எழுதியாக வேண்டும். ஆனால் அது ஓடுவது பல மொழி நிரல்களை ஒன்றாக ஓட்டும் கிரால்விஎம்மில், புது மொழிகளை எழுத உதவும் அதன் ட்ரஃபிள் சட்டகத்தின் மேல். நிரல்களை ஓட்டும் அதே சூழலில் (ரன்டைம்) ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ரூபி எல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றோடு பேசக் கற்றுக்கொடுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம் என்று இறங்கினேன். மூன்று வார மாலைகள் இதிலேயே போயின.

இரண்டு மொழிகளை இணைக்க வழக்கமாக நடுவே ஒரு பாலம் கட்டுவார்கள். ஐந்து மொழிகள் இருந்தால் ஒருவழிப் பாலங்கள் மட்டும் 20 வேண்டும். ட்ரஃபிளில் பாலம் கிடையாது, பொதுவான செய்திகள்தான். என் மொழியில் ஒரு பொருளின் 'பெயர்' என்ற உறுப்பைக் கேட்டால், அந்தப் பொருள் யாருடையது என்று என் மொழி பார்ப்பதில்லை. 'இந்த உறுப்பை வாசித்துக் கொடு' என்று ரீட்மெம்பர் செய்தியை அனுப்புகிறது. அது ரூபிப் பொருளாக இருந்தால் ரூபி தன் வழக்கப்படி பதில் சொல்லும், பைத்தானாக இருந்தால் பைத்தான் சொல்லும். தரவை நகலெடுப்பதோ ஜேசன் என்ற உரை வடிவுக்கு மாற்றி அனுப்புவதோ இல்லை. மத்தியாஸ் கிரிம்மர், கிறிஸ் சீட்டன் முதலானோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, சி மூன்றையும் இப்படிப் பேச வைத்துக் காட்டியது. இந்தச் செய்திகளைத் தொகுத்து இன்று நாம் பயன்படுத்தும் இன்டர்ஆப் லைப்ரரி வடிவம் 2019-இல் கிரால்விஎம் 19.0 பதிப்போடு வந்தது. நம் ஜாவா வகுப்பின் மேல் எக்ஸ்போர்ட்லைப்ரரி என்ற குறிப்பையும், பதில் சொல்லும் ஒவ்வொரு மெத்தடின் மேல் எக்ஸ்போர்ட்மெசேஜ் என்ற குறிப்பையும் போட வேண்டும். வேலை இவ்வளவுதான் என்று முதல் நாள் நினைத்தேன்.

முதல் அடி ஒரு கூட்டலில் விழுந்தது. ஜாவாஸ்கிரிப்டிலிருந்து 5 வாங்கி என்னுடைய 2-உடன் கூட்டினால் 'இவற்றைக் கூட்டத் தெரியாது' என்று என் மொழியே பிழை காட்டியது. நான் எண்களை லாங் ஆக, அதாவது ஜாவாவின் 64 பிட் முழு எண்ணாக, வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் சின்ன முழு எண்களை 32 பிட் இன்டிஜராக வைத்திருக்கிறது. நான் 'நீ லாங் வகையா?' என்று பார்த்திருந்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'நீ லாங்கில் அடங்குவாயா?' என்பது. ஃபிட்ஸ்இன்லாங் என்று அதற்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. டபுளாக, அதாவது தசம எண்ணாக, வரும் 3.0-கூட 'முழு எண்ணில் அடங்குவேன்' என்று சொல்லும், ஏனென்றால் எதுவும் இழக்காமல் மாற்றிவிடலாம். ஆனால் கழித்தல் பூஜ்யம், அதாவது -0.0, 'அடங்க மாட்டேன்' என்கிறது, அந்தக் கழித்தல் குறி தொலைந்துவிடுமே! எதிர்ப்பக்கம், 9007199254740993 என்ற லாங் எண் துல்லியம் குறையாமல் டபுளில் அடங்காது. இப்படி ஓரம் வரைக்கும் யோசித்து எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அடுத்தது வெறுமை. எதையும் திருப்பிக் கொடுக்காத செயற்கூற்றிலிருந்து (ஃபங்ஷன்) நான் ஜாவாவின் 'நல்' என்ற வெற்றுக் குறியை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டின் வயிற்றுக்குள் எங்கோ நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்தது. யார் தப்பு என்று தேடி ஒரு மாலை முழுக்கப் போனது. அசெர்ஷன்களை, அதாவது ஓடும்போதே நடக்கும் உள்சோதனைகளை, இயக்கும் கொடியைப் போட்டு ஓட்டியிருந்தால் முதல் நொடியிலேயே 'இது செல்லுபடியாகும் மதிப்பு இல்லை' என்று எல்லையிலேயே மறித்திருக்கும். வெறுமைக்கும் ஒரு பொருள் வேண்டும், அது இஸ்நல் என்ற செய்திக்கு 'ஆம்' என்று சொல்ல வேண்டும். அந்தக் கொடி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அப்புறம்தான் பட்டியல்.

என் மொழியில் பட்டியல் ஒன்றிலிருந்து எண்ணப்படும். முதல் உறுப்பு 1. நாம் எண்ணுவது அப்படித்தானே என்று பிடிவாதமாக வைத்தது. செய்திகளின் உலகத்திலோ முதல் உறுப்பு 0. இது எனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் பட்டியல் உறுப்பை வாசிக்கும் ரீட்அரேஎலிமென்ட் செய்திக்குப் பதில் எழுதும்போது வந்த எண்ணை அப்படியே என் உள் வாசிப்புக்குக் கொடுத்துவிட்டேன். [10, 20, 30] என்ற பட்டியலை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னால் விடை என்ஏஎன், அதாவது 'எண்ணே அல்ல'. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. பூஜ்யமாவது உறுப்பைக் கேட்டபோது என் பக்கம் 'அப்படி ஓர் இடமே இல்லை' என்று ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தன் வழக்கப்படி அன்டிஃபைன்ட் (மதிப்பு இல்லை) என்று எடுத்துக்கொண்டது. அதற்கு இல்லாத இடத்தை வாசிப்பது குற்றமே இல்லை. அன்டிஃபைன்டுடன் 10, 20 சேர்ந்தன. 30-ஐ யாரும் கேட்கவே இல்லை.

திருத்துகிறேன் பேர்வழி என்று ஒன்று கூட்டினேன். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் சரியானது. அடுத்து, வெளிமொழிப் பட்டியலை நான் வாசிக்கும் இடத்தில் ஒன்று கழித்தேன். அதுவும் சரி. ஆனால் அந்தக் கழித்தலை என் சொந்தப் பட்டியலும் வந்துபோகும் பொது வழியில் போட்டுவிட்டதால் உள்ளூர் நிரல்கள் எல்லாம் ஓர் இடம் தள்ளி வாசிக்கத் தொடங்கின. கடைசியில் ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன்: கோட்டுக்கு உள்ளே எப்போதும் 1, வெளியே எப்போதும் 0, மாற்றம் கோட்டைத் தாண்டும் இரண்டு இடங்களில் மட்டும். ஆர் மொழியும் ஒன்றிலிருந்து எண்ணுவதுதான், அதை ட்ரஃபிளில் எழுதியவர்களும் இதே கோட்டை எங்கோ போட்டிருப்பார்கள் என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை செயற்கூற்றில் வந்தது. 'இரட்டிப்பு' என்று ஒரு செயற்கூறு, ஒரே ஒரு மதிப்பு வாங்கும். 'ஓட்டிக் காட்டு' என்று சொல்லும் எக்ஸிகியூட் செய்திக்குப் பதில் எழுதி, ஜாவாஸ்கிரிப்டிலிருந்து நேராக அழைத்தேன், வேலை செய்தது. அதையே, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு செயற்கூற்றை அழைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலின் மேப்புக்குக் கொடுத்தேன். 'ஒன்று எதிர்பார்த்தேன், மூன்று வந்தது' என்று பிழை. மேப் எப்போதும் மதிப்பு, இடம், முழுப் பட்டியல் என்று மூன்றையும் அனுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகள் வேண்டாததைக் கண்டுகொள்ளாததால் அங்கே அது யாருக்கும் உறுத்துவதில்லை. நான் மதிப்புகளின் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் ஏரிட்டி எக்ஸெப்ஷன் வீசுகிறேன். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் கெடுபிடியைத் தளர்த்தலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாட்டேன். அப்படித் தளர்த்தினால் ஒரே செயற்கூறு அழைப்பவரைப் பொறுத்து இரண்டு விதமாக நடக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒற்றை மதிப்பை மட்டும் கடத்தும் சின்ன அம்புச் செயற்கூறால் சுற்றிக் கொடுத்தேன், முடிந்தது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலுக்குள் (லூப்) ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூற்றை அழைத்தால் ஆமை வேகம். செய்தி அனுப்புவதே செலவு போலிருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு இடங்களில் குறுக்குவழிகூட எழுதிவிட்டேன். உண்மையில் நான் சாதாரண ஜேடிகேயில் (ஜாவா நிரல்களை ஓட்டும் தொகுப்பு) ஓட்டிக்கொண்டிருந்தேன். நிரலைப் படித்துப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர் மட்டும்தான் ஓடுகிறது, இயந்திர மொழிக்குக் கம்பைல் ஆகாது என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வந்தது. கண்ணுக்குப் பழகிப்போய் அதைப் படிப்பதையே விட்டிருந்தேன். கம்பைலரும் உள்ள கிரால்விஎம் ஜேடிகேக்கு மாறினேன். கூடவே, அழைக்கும் இடத்தில் எதையும் நினைவில் வைக்காத அன்கேச்ட் லைப்ரரியை எடுத்துவிட்டு, போன முறை வந்த பொருளின் வகையை நினைவில் வைத்துக்கொள்ளும் கேச்ட் லைப்ரரியைப் போட்டேன். இப்படிச் செய்தால் கம்பைலர் எதிர்மொழியின் செயற்கூற்றையும் என் சுழலையும் ஒரே துண்டாகப் பார்த்து உள்ளிணைத்துவிட முடிகிறது. குறுக்குவழிகளை அழித்தேன்.

இப்போதைய நிலை: என் பொருள் ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்து திரும்பி வந்தால், அதே பொருளாகவே வருகிறது. மேலே எந்த உறையும் இல்லை. சோதனை பச்சை காட்டியபோது தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

கேட்கக் கேட்க மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் பைத்தான் ஜெனரேட்டர்தான் இன்னும் பாக்கி. என் சுழல் முதலில் கேட்பதே 'மொத்தம் எத்தனை?' என்றுதான், ஜெனரேட்டரிடம் அதற்குப் பதில் கிடையாது. 'அடுத்தது உண்டா, இருந்தால் கொடு' என்று கேட்கும் இட்டரேட்டர் செய்திகள் தனியாக இருக்கின்றன. பட்டியலாகப் பதில் சொல்லும் பொருள்களுக்கு அவை தானாகவே கிடைத்துவிடும், ஆகவே பழைய வழியை வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. சுழலை முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த வாரம் அதுதான்.