மணவாளக்குறிச்சி: கருமணல் கரையில் ஒரு நடை

நாகர்கோவிலிலிருந்து மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சல் போகும் பேருந்தைப் பிடியுங்கள். சுமார் 20 கிலோமீட்டர்தான். நடையைக் கடியபட்டணத்தில், வள்ளியாறு கடலோடு சேரும் இடத்தில் தொடங்கி, சின்னவிளை, பெரியவிளை வழியாகப் போகலாம். தென்மேற்குப் பருவத்தில் கடல் சீறும்; அது தணிந்ததும் போனால் அலை ஒதுக்கிய கருமணல் பட்டைகளைத் தெளிவாகப் பார்க்கலாம்.

சுளகில் புடைப்பது போலத்தான் அலையும் வேலை செய்கிறது. அடர்த்தி 2.65 உள்ள வெண்மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், 4.7 உள்ள இல்மனைட், 5 தொடும் மோனசைட் ஆகிய கனிமங்களைக் கரையிலேயே விட்டுவிடும். ஒரு பிடி அள்ளி வெயிலில் பாருங்கள்: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நிறமற்ற சிர்க்கான், நடுவே தேன் நிறத்தில் அங்கங்கே சில மணிகள். அந்தத் தேன் நிறம்தான் மோனசைட். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். பார்த்துவிட்டுக் கரையிலேயே போட்டுவிடுங்கள். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டுதான் 1909இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் இந்தக் கரையைத் தேடி வந்தார். அன்று எரிவாயு விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது.

கதிர்வீச்சு மானி கொண்டு வருபவர்கள் அதைக் கருமணலில் வைத்து அளந்துவிட்டுப் பயந்துபோகிறார்கள். மணலைத் தொட்டபடி வைத்தால் பீட்டா கதிரும் சேர்ந்து எண் ஏறிவிடும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, எண் நிலைப்பட்ட பிறகு குறியுங்கள். உடல் ஏற்கும் கதிர்வீச்சைச் சீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்று காட்டினால், ஆண்டு முழுவதும் அதே இடத்தில் இருப்பவருக்கு 8.76 மில்லிசீவர்ட், ஆண்டுக்கு 300 நாள், தினம் 8 மணி நேரம் நிற்பவருக்கு 2.4. உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு ஏற்கும் கதிர்வீச்சின் சராசரியும் ஏறக்குறைய இதே 2.4தான். பெரிய அலை ஒன்று வந்து மேல்பட்டையை வாரிக்கொண்டு போனால் அதே இடத்தில் எண் மாறிவிடும். ஒரே ஒரு அளவை வைத்து ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கரையை ஒட்டி இருப்பது கனிம மணலைப் பிரிக்கும் ஒன்றிய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. இத்தகைய ஆலைகளில் மணலை முதலில் நீரோடு சுருள் தடங்களில் ஓடவிட்டுக் கனிமங்களைத் திரட்டுவார்கள். பிறகு உலர்த்தி, மின்புலத்தாலும் காந்தத்தாலும் பிரிப்பார்கள். ஆபத்து கூடுவது உலர்த்திய பிறகுதான். ஈரமணலில் தூசி பறக்காது. உலர்பிரிவில் மோனசைட் தூசி மூச்சோடு உள்ளே போகும். தூசி உறிஞ்சும் குழாயில் ஓர் இணைப்பு கசிந்தாலே போதும். முகக்கவசம், உலர்பிரிவில் சாப்பாட்டுக்குத் தடை, கை கழுவிய பிறகே தேநீர்: இவற்றில் தளர்வே கூடாது. மோனசைட் கிடங்கில், தோரியத்திலிருந்து வரும் தோரான் என்ற கதிரியக்க வாயு சேரும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 56 விநாடிகூட இல்லை. ஆனால் அதிலிருந்து பிறக்கும் கதிரியக்க ஈயமான ஈயம்-212 தூசியில் ஒட்டிக்கொண்டு, 10.6 மணி நேரத்தில் பாதிதான் குறையும். எனவே விசிறியை ஓடவிட்டுக் காற்று மாறிய பிறகே உள்ளே போக வேண்டும். தொழிலாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு, இயற்கைக் கதிர்வீச்சு நீங்கலாக, 1. ஏற்ற கதிர்வீச்சைப் பதியும், மார்பில் அணியும் அளவி வில்லை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் தரப்பட வேண்டும். அது காட்டும் எண்ணையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

மோனசைட்டை எடுத்துவிட்டு வெண்மணலைத் திரும்ப நிரப்பினால் அந்த நிலத்தில் கதிர்வீச்சு குறையும் என்பது சுரங்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். இது உண்மைதான். ஆனால் நூறு பங்கில் இருபது பங்கு கனிமம் போய்விட்டால், மீதி எண்பதை வைத்துப் பழைய மேட்டை எழுப்ப முடியாது. மணல்மேடுதான் இந்த ஊர்களுக்குக் கடல் அரண், கிணற்றுக்கும் காவல். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அடியில் சுமார் நாற்பது மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி நிறுத்தும். மேடு தாழ்ந்து நன்னீர் மட்டமும் இறங்கினால் கிணறு கரிக்கும்.

குளச்சலைத் தாண்டினால் மிடாலம், இனயம். கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் சுரங்கம் தோண்டும் திட்டத்தை மீனவர் ஊர்கள் எதிர்ப்பது இந்தப் பகுதியில்தான். சுரங்கத்தை ஆதரிப்பவர்கள் அவர்களிடம் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையில் நடந்த ஆய்வைக் காட்டுவதுண்டு: சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்ததில் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. நல்ல ஆய்வு, 2009இல் வெளியானது. ஆனால் அது கரையில் குடியிருப்பவர்களைப் பற்றியது. உலர்பிரிவுத் தூசிக்கோ, இறங்கிப்போன மேட்டுக்கோ அதில் விடை இல்லை. கேட்டதற்கு விடை சொல்லாமல் வேறொன்றைச் சொன்னால் மக்கள் எப்படி நம்புவார்கள்?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, திட்டம் பற்றிய மக்கள் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பும் ஊர்மொழியில் சுருக்கமும் தர வேண்டும். 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு இந்தக் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு அளித்தது. இது தவறு, திரும்பப் பெற வேண்டும். தோண்டும் முன்பே ஊரார் கண்ணெதிரில் குறித்த இடங்களில் ஒரு மீட்டர் உயரக் கதிர்வீச்சையும், கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும், மேட்டின் உயரத்தையும் அளந்து ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். அளக்கும் கருவியை ஊர் இளைஞர்களுக்கும் பழக்கிக் கொடுக்க வேண்டும்.