"விட்டுடலாம்னு பாக்கறேன்" என்று ஒருவர் சொன்ன காலையில் தொடங்க வேண்டியவை

குடிக்கிறவர் "விட்டுடலாம்னு பாக்கறேன்" என்று சொல்வது பெரும்பாலும் காலையில்தான். ராத்திரி ஏறியது இறங்கியிருக்கும், கை நடுங்கும், டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். டாஸ்மாக் திறக்க 12 மணி ஆகும். பிளாக்கில் வாங்கித் தர ஆள் இருந்தால் அந்த இடைவெளியும் இல்லை. "சாயங்காலம் வந்து பேசிக்கலாம்" என்று நீங்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டால், சாயங்காலம் அந்தப் பேச்சே இருக்காது.

கிடைத்த இரண்டு மூன்று மணி நேரத்தையும் அறிவுரையிலேயே கரைத்துவிடுவதுதான் வீடுகளில் வழக்கம். "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்பார்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். சத்தியத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது ஒருமுறை முறிந்துவிட்டால் அந்த ஆள் பிள்ளை முகத்தைப் பார்க்கக் கூசி ஒளிவார், ஆஸ்பத்திரிப் பக்கமும் திரும்பி வரமாட்டார். குடியை விட நினைப்பவரோடு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வருகிற எங்களைப் போன்றவர்கள் அந்த நேரத்தில் சொல்வது இவ்வளவுதான்: "சரிங்ணா. ரெண்டு இட்லி சாப்பிடுங்க. ஜி.எச். வரைக்கும் போயிட்டு வந்துடலாம், நானும் வர்றேன்." சேர்ந்து கிளம்புவதைவிடப் பெரிய ஊக்கம் எதுவும் அன்றைக்குத் தேவையில்லை.

கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு, எழுந்ததும் குடிக்கிறாரா, முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, சுகர், பிரஷர் மாத்திரை உண்டா, தூக்க மாத்திரையோ கஞ்சாவோ வலி மாத்திரையோ சேர்ந்து ஓடுகிறதா. அளவை "கொஞ்சந்தான்" என்று எழுதாதீர்கள். கட்டிங் என்றால் 90 மி.லி., குவார்ட்டர் 180, ஆஃப் 375, பீர் ஒரு பாட்டில் 650. ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. மருத்துவர் மாத்திரையின் அளவை முடிவு செய்ய இந்தக் கணக்கு உதவும் என்பதால், குறைத்துச் சொன்னால் மருந்து போதாமல் போய் மூன்றாம் நாள் வார்டில் அவஸ்தைப்படுவது அவர்தான். மனைவி எதிரில் நின்றால் உண்மை அளவு வாயில் வராது. அந்தக் கேள்வி வரும்போது வெளியே போய் நில்லுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்துவது ஆபத்து. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். அவரவர் செய்த தொழில் அப்போது கையில் வரும். தறிக்காரர் படுக்கையில் உட்கார்ந்து நாடா தள்ளுவார், லாரி ஓட்டியவர் ஸ்டியரிங் திருப்புவார். காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் சேர்ந்த இந்த நிலையில் உயிர் போகும். உடனே 108.

கார்த்திகையில் இதை அதிகம் பார்க்கலாம். மாலை போட்டால் குடிக்கக் கூடாது என்பதால் முதல் நாள் ராத்திரி வரை குடித்துவிட்டு, விடியற்காலையில் குளித்து மாலை போட்டுக்கொள்வார்கள். இரண்டாம் நாள் பூஜையில் வலிப்பு வந்து விழுவார்கள், "சாமி குத்தம்" என்று பேச்சாகும். மாலை போட நினைப்பவர் அதற்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை உதவியோடு நிறுத்தி, உடம்பு நிலைப்பட்ட பிறகு போட்டுக்கொண்டால் இந்த ஆபத்து வராது. மாலையைக் குறை சொல்லவில்லை. விடியலில் எழுவது, நேரத்துக்குச் சாப்பாடு, சாயங்காலம் பஜனை, எல்லோரும் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுவது, பழைய கூட்டாளிகளே விலகி நிற்பது என்று குடியை விடுவதற்கு வேண்டிய ஏற்பாடுகள் பாதி அதிலேயே இருக்கின்றன. மாலை கழற்றும் நாளுக்கு யாரும் திட்டம் போடுவதில்லை, அங்கேதான் ஓட்டை. மலையிலிருந்து திரும்பும் வேனிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வாரத்துக்கு மருத்துவர் சந்திப்பை முன்கூட்டியே வாங்கி வைத்து, ஊர் வந்து சேரும் அன்று வீட்டு ஆள் போய்க் கூட்டி வர வேண்டும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடிநோயும் அதில்தான் வரும். வெளியூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரி இரும்பாலை சாலையில் இருக்கிறது, மருத்துவமனை நகரத்துக்கு நடுவில் இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லி ஏறினால் ஆட்டோ வேறு இடத்தில் கொண்டு போய் விடும், நடுக்கத்தோடு இருக்கிறவருக்கு அந்த ஒரு மணி நேர அலைச்சலே திரும்பிப் போகக் காரணமாகிவிடும். புறநோயாளி சீட்டு காலையில்தான் போடுவார்கள். நேரம் தவறிவிட்டாலோ, நடுக்கம் அதிகமாக இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ அவசரப் பிரிவுக்கே போங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, ஒரு போர்வை, இரண்டு நாள் கூட இருக்க ஓர் ஆள், இவ்வளவு வேண்டும். தாலுகா மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார், எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலிமனஸ் என்ற மனநல உதவி எண். இரண்டும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. நடுக்கமும் குமட்டலும் உள்ளவர் வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வந்தால் பாதி மலையில் வாந்தி எடுத்து "இறக்கி விடு, நாளைக்குப் போலாம்" என்பார். லேசாக ஏதாவது சாப்பிட வைத்து, முன் சீட்டில் உட்கார வைத்து, காலை பஸ்ஸிலேயே இறங்கிவிடுங்கள். "ராத்திரி எப்படி இருக்கும்னு பாத்துட்டு" என்று இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். நிலைமை மோசமென்றால் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை, அங்கிருந்து ஆம்புலன்ஸ். எஸ்டேட் லைன்களில் பெண்களும் குடிக்கிறார்கள். அவர்கள் இன்னும் தாமதமாக, மஞ்சள் காமாலையோடுதான் வந்து சேர்கிறார்கள், ஏனென்றால் வெளியே சொன்னால் கிடைக்கும் ஏச்சு அவர்களுக்கு இரண்டு மடங்கு. குளிருக்காகக் குடிக்கிறோம் என்பார்கள். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது. சூடாகத் தோன்றுமே தவிர உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

வார்டில் சேர்த்ததும் தூக்கம் வருகிற மாத்திரை கொடுப்பார்கள். அது மதுவுக்குப் பதிலாக நரம்பைத் தணித்து வைத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைக்கப்படும். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று கேட்கிற பழக்கம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. நீண்ட நாள் குடித்து, சாப்பாடு இல்லாமல் கிடந்தவருக்கு தயமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் ஆடும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும், சிலருக்கு நினைவு திரும்பவே திரும்பாது. ஏற்றுபவரிடம் "குடிப்பவர், பி1 முதலில் போடுங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

பார்வை மங்குகிறது, பனிமூட்டமாகத் தெரிகிறது, வயிறு வலிக்கிறது என்று சொன்னால் அது நிறுத்தியதால் வந்தது என்று எண்ண வேண்டாம். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் அப்படித்தான் ஆரம்பிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது சேலத்துக்கும் நோயாளிகள் கொண்டுவரப்பட்டார்கள். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல், கேஸ் ஆகிவிடுமோ என்று பயப்படாமல், அவசரப் பிரிவில் சொல்லுங்கள்.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், முதல் வாரம் ராத்திரியில் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டோடு போனில் பேச விடுவீர்களா என்றும் கேளுங்கள். "நீங்க அட்ரஸ் மட்டும் குடுங்க, வண்டில ஆள் வந்து தூக்கிக்குவாங்க" என்று சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும், தேவையென்றால் 24 மணி நேரம் வரை மட்டும் மதிப்பீட்டுக்காக நிறுத்தி வைக்கலாம். சங்கிலி போடுவது எந்த நிலையிலும் குற்றம். தானாகக் கேட்டு வந்தவரை இப்படி ஒரு இடத்தில் தள்ளினால் அடுத்த முறை அவர் கேட்கமாட்டார்.

வீடு திரும்பும்போது வேறு மாத்திரைகள் தொடரும். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் அல்லது அகாம்ப்ரோசேட், ஈரல் கெட்டவர்களுக்குச் சில சமயம் பேக்லோஃபென். எது என்பது ஈரல், சிறுநீரகப் பரிசோதனையைப் பொறுத்து மருத்துவர் எடுக்கிற முடிவு. டைசல்ஃபிரம் வேறு மாதிரி. அதைச் சாப்பிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. இருமல் டானிக்கில் இருக்கிற ஆல்கஹால்கூடப் போதும். அதனால் அவருக்குத் தெரிந்து, சம்மதித்துத்தான் கொடுக்க வேண்டும். "அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்" என்று சுவரொட்டியில் விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்து, வழியில் விழுந்து இறந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தூக்க மாத்திரை அட்டை வீட்டு ஆள் கையில் இருக்கட்டும். தூக்கம் சரியாகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மெடிக்கலில் தானாகப் போய் வாங்க ஆரம்பித்தால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்த கதையாகும்.

பிறகு வருவது சனிக்கிழமை. தறிப்பட்டறை, கொலுசுப் பட்டறை, எங்கும் வாரக் கூலி. கூலி கையில், வயிறு காலி, உடன் வேலை செய்தவர்கள் பக்கத்தில், மணி ஆறு. இந்த நான்கும் சேர்கிற இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் மறுபடி விழுகிறார்கள். ஒன்றைக் கழற்றினாலே அந்த இழுப்பின் பலம் பாதியாகிவிடும். பட்டறை முதலாளியிடம் பேசிக் கூலியை வீட்டம்மா கணக்கில் போடச் சொல்லலாம், ஆனால் குடியை விட்டவரின் சம்மதத்தோடு. பிடுங்கினால் கடன் வாங்கிக் குடிப்பார். ஐந்தரை மணிக்கே ஒரு தட்டுவடை செட் சாப்பிட வையுங்கள். பசியும் ஆசையும் உடம்புக்கு ஒரே மாதிரி தெரியும், ஆசை வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை "ஏற்காடு போலாம்டா" என்று போன் வந்தால் எதற்கு என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்றைக்குப் போட ஒரு வேலையை முன்னாலேயே வைத்திருங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குமுன், யார் யாரிடம் "ஊத்திக் குடுக்காதீங்க" என்று சொல்ல வேண்டுமோ சொல்லிவிடுங்கள்.

மறுபடி குடித்துவிட்டார் என்றால் "அவ்ளோதான், திருந்தமாட்டார்" என்று கதவைச் சாத்த வேண்டாம். அன்றே அல்லது மறுநாள் அதே மருத்துவரிடம் போங்கள், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யாரோடு என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மாதம் விட்ட உடம்புக்குப் பழைய அளவு தாங்காது என்பதை அவருக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, முகவரி கேட்கமாட்டார்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அடிக்கிற வீட்டில் பெண்கள் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டுவிட்டு வெளியேறலாம். அவருடைய சிகிச்சை அதற்காக நின்றுபோகாது.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். வலிப்பு வந்தவர் லாரி எடுக்கக் கூடாது, வெள்ளி உருக்கும் உலை முன் நிற்கக் கூடாது, சாரத்தில் ஏறக் கூடாது. எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதுவரை கிளீனராகவோ, பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையிலோ இருக்க முடியுமா என்று முதலாளியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அவரே போய்க் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், அந்தக் கூச்சத்திலேயே நாளைத் தள்ளுவார்.