கொரோனா வந்து போனவர்கள் பிரஷர் பார்த்துவிட்டீர்களா?

கொரோனா வந்து போன ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பிரஷர் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி பக்கமே போகாமல், வீட்டில் கஷாயமும் பாராசிட்டமாலும் குடித்துச் சரியானவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையில் நின்று பார்த்ததும், அது மனசை அரித்ததால் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு.

முன்பெல்லாம் பிரஷர் மாத்திரைக்குப் புதுச் சீட்டோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இரண்டாவது அலை ஓய்ந்த பிறகு நாற்பதை ஒட்டியவர்கள் வர ஆரம்பித்தார்கள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு தையல்கார அக்கா. "எனக்கு எப்படிண்ணே பிரஷரு? நாள் பூரா மூட்டை தூக்குறவன் நான்" என்று ஒருவர் சீட்டை நீட்டிக் கேட்டார். அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

என் அக்கா வீட்டுக்காரர் காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக். 2021 மே மாதம் கொரோனா வந்தது. காய்ச்சல், உடம்பு வலி, வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டிலேயே படுத்திருந்து எழுந்துவிட்டார். அடுத்த வருஷம் பின்மண்டை கனக்கிறது என்று கடைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டார். "மாமா, முதல்ல உக்காருங்க" என்று சொல்லி, மூச்சு அடங்கின பிறகு பட்டையைச் சுற்றினேன். 164/102. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கையில் எடுத்தேன். ஏறக்குறைய அதேதான். மாநகராட்சி சுகாதார மையத்து டாக்டர் வேறு வேறு நாட்களில் எடுத்துப் பார்த்துவிட்டு அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதினார். மாமாவின் அப்பா அம்மாவுக்குப் பிரஷர் கிடையாது. கருவாடும் ஊறுகாயும்தான் காரணம் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

இது கொரோனாவால் வந்ததுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் மாமா பிரஷர் பார்த்ததே இல்லை. ஏற்கெனவே இருந்து, அப்போதுதான் கண்ணில் பட்டிருக்கலாம். ஒருத்தரை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது என்பதால்தான் பெரிய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

2023 ஆகஸ்டில் 'ஹைப்பர்டென்ஷன்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மான்டிஃபியோரி மருத்துவமனைகளின் பதிவேடுகளை எடுத்து, கொரோனா வந்த 45,398 பேரையும், சாதாரண ஃப்ளூ வந்த 13,864 பேரையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். முன்பு பிரஷர் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குப் புதிதாக வந்து நிலைத்தது என்பதுதான் கேள்வி. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்கு வந்திருக்கிறது. சேராமலே குணமானவர்களில் 11 சதவீதம். ஃப்ளூ வந்தவர்களில் இதே கணக்கு 16, 4 சதவீதம். மாமா மாதிரி வீட்டிலேயே இருந்து தேறியவர்களில் 11 சதவீதம் என்பதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், நுரையீரல், இதயம், சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

பிராங்ஸ் என்பது நியூயார்க்கின் வடக்கு மூலை. வசதி குறைந்த உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் இடம். அந்த ஊருக்கு அது வடசென்னை மாதிரி. ஆய்வு செய்தவர்களே சொல்கிறார்கள்: அந்த மக்களின் வாழ்க்கை நிலையும், ஊரடங்கில் அடைந்து கிடந்ததும், மனஉளைச்சலும், நடமாட்டம் குறைந்து எடை கூடியதும் இந்த எண்ணிக்கையில் கலந்திருக்கலாம் என்று. கிருமி மட்டும்தான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. 2020-இல் நகரத்திலேயே ராயபுரம் மண்டலத்தில் தொற்று உச்சத்தில் இருந்தபோது, ஒரே ரூமில் ஆறு பேர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வேலை இல்லை, வட்டி கட்ட வேண்டும், பக்கத்து வீட்டில் சாவு. அந்த மாதங்கள் யார் ரத்தக்குழாயையும் சும்மா விட்டிருக்காது.

ஆனால் கிருமிக்கும் பிரஷருக்கும் நேரடித் தொடர்பு இருக்க இடமும் இருக்கிறது. நம் உடம்பில் ஆஞ்சியோடென்சின்-2 என்று ஒரு பொருள் உண்டு. ரத்தக்குழாயை இறுக்குவதும், உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்குவதும் அதன் வேலை. அது அளவுக்கு மீறாமல் சிதைத்து, குழாயைத் தளர்த்தும் வேறொரு பொருளாக மாற்றுவது ஏசிஇ-2 என்ற நொதி. கொரோனா கிருமி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது இதே ஏசிஇ-2-வைத்தான். கிருமியோடு அதுவும் உள்ளே போய்விட்டால் வெளியே வேலை செய்ய அது குறைந்துபோகும், இறுக்குகிற பக்கம் ஓங்கிவிடும். ரத்தக்குழாயின் உள்சுவரில் வரும் அழற்சியும் சேர்ந்துகொள்ளும். இப்படித்தான் நடக்கிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படும் வழி இது.

மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காப்பாற்றின, உண்மைதான். அவை பிரஷரையும் சர்க்கரையையும் ஏற்றும் என்பதும் உண்மை. "மூச்சு வாங்குனப்ப குடுத்தாங்களே, அதே மாத்திரை ஒரு அட்டை குடு தம்பி" என்று பழைய அட்டையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும். மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரையும், உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்கும்கூட பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர் உள்ளவர்கள் அவற்றைச் சீட்டில்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020-இல் டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரைகள் ஏசிஇ-2-வைக் கூட்டிக் கொரோனாவை மோசமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பலர் தாங்களாகவே நிறுத்தினார்கள். பிரேசிலில் 659 பேரை வைத்துச் சோதித்து 2021 ஜனவரியில் முடிவு வெளியிட்டார்கள்: இந்த மாத்திரைகளை நிறுத்தியதால் நோயாளிகளுக்கு எந்த நன்மையும் இல்லை. இன்றைக்கும் ஒரு காய்ச்சல் வந்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

எடுக்கிற விதமும் முக்கியம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வழியில் கடையில் கையை நீட்டினால் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை. முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீயும் பீடியும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு வரக் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். துறைமுகத்தில் லோடு தூக்குகிறவர்களின் கைக்குச் சாதாரண பட்டை பத்தாது. சுற்றி ஒட்டினால் காற்று ஏறும்போதே பிய்த்துக்கொண்டு வரும், இழுத்துப் பிடித்து எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும். அதற்காகவே பெரிய பட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் போகிற இடத்தில் பட்டை இறுகினால் பெரியது கேளுங்கள்.

கடைக்காரன் எடுக்கும் எண்ணை வைத்து மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. வேறு வேறு நாட்களில் 140/90-ஐத் தொட்டால் சுகாதார மையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பதிந்தவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கொரோனா எந்த மாதம் வந்தது, ஆக்ஸிஜன் வைத்தார்களா, ஸ்டீராய்டு கொடுத்தார்களா, இப்போது வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள். ஓ.பி. வரிசையில் டாக்டருக்கு இதையெல்லாம் கேட்க நேரம் இருக்காது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு அலமாரியில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.