புழுதி விதைப்பு நாட்கள்

புரட்டாதி 24

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி முடிவாகிவிட்டது. முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் நீர் எங்கள் காணியின் பள்ளப்பக்கத்துக்கு மட்டுமே எட்டும் என்பதால், மேட்டுப்பக்கத்தை வழக்கம்போல் மழையை நம்பிப் புழுதியிலேயே விதைக்க வேண்டும். ஈரமே இல்லாத மண்ணில் நெல்லை எறிந்து, மேலாலே உழுது மூடிவிட்டு, ஐப்பசி மழைக்காக வானத்தைப் பார்த்திருப்பதை விடப் பெரிய நம்பிக்கைச் செயல் எனக்குத் தெரிந்து வேறில்லை. மழை பிந்தினால் எறும்பும் பறவையும் தின்னும். முந்தி ஒரு தூறல் தூறிவிட்டுப் பிறகு வெயில் எறித்தால் முளை கருகும். இவ்வளவும் தெரிந்தே ஆண்டுதோறும் விதைக்கிறோம்.

என் இளைய மகள் சின்னவளின் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இன்னும் வெளிவரவில்லை.

புரட்டாதி 27

விதைநெல்லில் ஒரு சுளகு எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய், சந்நிதியில் வைத்து எடுத்து வந்து, மூட்டையோடு கலந்தோம். குரக்கன் அறுத்த பின் நின்ற ஒட்டைச் சுட்ட இடத்தில் தானாகத் தோன்றிய இறைவன் என்பது ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வயல்காரரின் கவலை அவருக்குப் புதிதில்லை என்று மாமி சொல்லுவார்.

இரவு அந்த மூட்டையிலிருந்து 100 மணிகளை எண்ணி எடுத்து, நனைத்த சாக்குத்துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வைத்தேன். மாமியின் முகம் மாறியது. “சாமிக்கு வைச்செடுத்த நெல்லை ஏன் பிள்ளை சோதிக்கிறாய்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் படுக்கப் போனேன். ஆனால் நித்திரை வரவில்லை.

ஐப்பசி 3

சாக்கை விரித்தபோது 88 மணிகள் முளைத்திருந்தன. 85 தேறினாலே நல்ல விதை என்பார்கள். ஒவ்வொரு மணியின் நுனியிலும் உமியைப் பிளந்து வெள்ளையாக ஒரு வேர் வந்திருந்தது. முளைக்காதவை கறுத்து, தொட்டதும் பிசுபிசுத்தன. “பாத்தியே?” என்று மாமி மகிழ்ந்தார். 60 வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவருடைய நம்பிக்கையில் ஒரு மணி கூடக் குறைந்திராது. நான் வேறு விதைநெல் தேடி ஓடியிருப்பேன், அந்த நெல்லையும் அவர் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பார். அவருக்கும் எனக்கும் இடையே நான் நினைத்த அளவு தூரம் இல்லை.

ஐப்பசி 4

சங்கிலியை அடைவு வைத்தாயிற்று. உழவுக்கூலிக்கும் பசளைக்கும் போதும்.

ஐப்பசி 5

2008 காலபோகத்தில், அதாவது மாரிமழைப் போகத்தில், விதைத்ததை நாங்கள் வெட்டவில்லை. அந்தக் கார்த்திகையில் நிஷா புயல் வயலைக் கடலாக்கிவிட்டுப் போனது. அதற்கும் தப்பிப் பயிர் நிமிர்ந்தது. 2009 தையில் கதிர் வந்து நின்றபோது, புதுக்குடியிருப்பைத் தாண்டி மாத்தளன் பக்கமாகப் போருக்குத் தப்பிச் சனத்தோடு சனமாக நடந்துகொண்டிருந்தோம். செட்டிகுளம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்தபோது, இவர் ஒரு நாள் “அந்த நெல்லை யார் வெட்டியிருப்பினம்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அந்த ஆண்டும் கோயிலில் வைத்து எடுத்துத்தான் விதைத்தோம். வேண்டியது கிடைக்கவில்லை என்பதை எந்தச் சொல்லாலும் மெழுகிப் பூச நான் விரும்பவில்லை. இறைவனை நம்பித் திட்டம் போட்டவர்களின் திட்டம் நிறைவேறும் என்று என்னிடம் யார் சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் திரும்பி வந்து, பற்றை மூடிக் கிடந்த காணியை வெட்டித் திருத்தியபோது, விதைக்காமல் விடுவதைப் பற்றி இவரோ நானோ ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பர் சுவாமிகள் திருக்கடம்பூர்ப் பதிகத்தில் ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்கிறார். அந்த இரண்டு கடன்களில் ஒன்று மட்டுமே என் கையில் இருக்கிறது. மற்றது எப்போது, எந்த வடிவில், யார் கையால் தீரும் என்று கணக்குக் கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்பதை இன்றுவரை நான் அறியேன். சில இரவுகளில் கேட்கிறேன்.

ஐப்பசி 8

மேட்டுப்பக்கம் விதைத்து முடிந்தது. சின்னவளும் வந்து நின்றாள்.

ஐப்பசி 11

வெயில்.

ஐப்பசி 12

கமக்காரர் அமைப்பின் வாய்க்கால் துப்புரவுக்கு வந்தவர்களை விட வராதவர்களே அதிகம். வராத ஒருவர் வழியில் என்னைக் கண்டு, “ஆண்டவன் பாத்துக்கொள்ளுவான் தங்கச்சி” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆண்டவன் மழையைத் தருவான், குளத்தையும் நிரப்புவான். வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் புல்லை மண்வெட்டி பிடித்து நாம்தான் வெட்ட வேண்டும். சோம்பலுக்குக் கடவுளின் பெயரைப் போர்த்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஐப்பசி 13

பக்கத்து வீட்டு அக்கா மடு மாதாவிடம் போய் வந்து தீர்த்தம் தந்தார். அவர் எதைப் பேசினாலும் ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்றுதான் தொடங்குவார். இன்று வேதாகமத்தைத் திறந்து, யாக்கோபு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் அது வரும் இடத்தைக் காட்டினார். இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருடம் தங்குவோம், வியாபாரம் செய்து இலாபம் பெறுவோம் என்று பேசுகிறவர்களுக்குச் சொன்னது அது. நாளை நடப்பது தெரியாதவர்கள் நீங்கள் என்று கண்டிக்கிறாரே தவிர, போகாதே என்றோ வியாபாரம் செய்யாதே என்றோ அங்கு எழுதவில்லை. நான் அதை இரண்டாம் முறையும் வாசித்தேன். அக்கா வற்புறுத்தாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி 15

சின்னவள் இன்று அழுதுவிட்டாள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் கிடைத்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். அதைக் காட்டியபோது நான் “கடவுள் விட்டால் பாப்பம்” என்றேன். “கிடைக்காது எண்டு நினைக்கிறதாலதானே அம்மா அப்பிடிச் சொல்லுறியள்?” என்றாள். என் வாயில் வேண்டுதலாக வருவது அவள் காதில் கைவிரிப்பாக விழுகிறது. அவள் பிறந்ததற்குப் பிறகு இந்த வீட்டில் போட்ட திட்டங்களில் எத்தனை உடைந்தன என்பதை அவளும் பார்த்துத்தான் வளர்ந்தாள். கொப்பியை வாங்கி, செலவுக் கணக்கை அவளோடு இருந்து கூட்டினேன். பேருந்துச் செலவை அவள் விட்டுவிட்டாள், சேர்த்தோம்.

மழை இல்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தேன், நெல் அப்படியே கிடக்கிறது.

ஐப்பசி 19

பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கிய மழை இரவு வரை ஓயவில்லை. மாமி விளக்கேற்றி நெடுநேரம் இருந்தார். நானும் இருந்தேன், நன்றி தவிர வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசி 23

மேட்டுப்பக்கம் பச்சை பிடித்துவிட்டது. வரம்போரம் மட்டும் ஐதாக இருக்கிறது. அங்கு நாற்றுப் பிடுங்கி ஊன்ற வேண்டும்.

வெட்டுப்புள்ளி இந்தக் கிழமை வருமென்கிறார்கள். போன கிழமையும் அப்படித்தான் சொன்னார்கள். அறிவியல் நகருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கார அம்மா அறை தருவதாகச் சொல்லி, வேறு பிள்ளைகளும் கேட்பதால் முற்பணத்தை நாளைக்குள் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். பீடத்தில் இடம் கிடைக்காவிட்டால் அந்தக் காசு திரும்பாது. மாமி “கும்பிட்டுட்டுக் குடு” என்கிறார். கொடுப்பதென்றே நினைக்கிறேன். சின்னவளிடம் இன்னும் சொல்லவில்லை.