உப்பில்லா விரதமும் ஒரு ஜோடிக் கொலுசும்

வேண்டிக்கொண்டது என் மாமியார், விரதம் இருந்தது நான், கொலுசு செய்தது என் வீட்டுக்காரர். மூன்று பேருமாக ஒருவழியாகப் போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுச் சேர்வராயன் மலைக்குப் போய்க் கடனைத் தீர்த்துவிட்டு வந்தோம்.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நாலு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் அவர் படுத்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் குளிக்கவும் எழவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். ஐந்தாறு வாரத்தில் எழுந்தார். எழுந்தவர் பறக்க ஆரம்பித்தார். ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டறையைத் திறப்பார், விடிகிறவரை பேசுவார், மூன்று கிலோ வெள்ளியைக் கடனுக்கு எடுத்து வருவார். ஏன் என்று கேட்டால் தட்டு பறக்கும். ஆள் படுத்திருந்தபோது “சோம்பேறி ஆயிட்டான்” என்ற சொந்தமெல்லாம் இப்போது “என்ன சுறுசுறுப்பு பாரு” என்று மெச்சியது. என்னைக் கேட்டால் படுத்திருந்த நாட்களே தேவலை. அப்போது அழத்தான் வேண்டியிருந்தது, கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான், “இதற்கு முன்னால் தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் தெரியாமல் சில நாள் இருந்திருக்கிறாரா?” என்று கேட்டார். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு மாதம் இருந்தார். நான் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருமுனையக் கோளாறு என்றார், ஆளை ஒரு சமயம் கீழே தள்ளி இன்னொரு சமயம் மேலே தூக்குகிற நோய். இந்த நோய்க்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை அது மேலே தூக்கிவிட்டுவிடுமாம். மனதை நிலையாக வைக்கிற லித்தியம் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

நடுவில் ஒரு ராத்திரி, “நான் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்க” என்று சாதாரணமாக, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னார். பட்டறைச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்தேன். அந்த நேரத்திலும் எடுத்துத் தமிழிலேயே பேசினார்கள். அவரைத் தனியாக விடாதீர்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அன்று நாங்கள் ஆட்டோவில் ஏறியதும் மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்தார். “சேர்வராயா, எம்புள்ள எந்திரிச்சா இருபத்தோரு நாளு உப்பில்லாம இருந்து, தன் கையாலே கொலுசு செஞ்சு காவேரியம்மா கால்ல வைப்பான்.”

பிள்ளை எழுந்தார். வேண்டுதலை நிறைவேற்ற வேண்டிய நேரம் வந்தபோதுதான் சிக்கல். லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. உப்பு குறைந்தால் சிறுநீரகம் மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறி விஷமாகிவிடும். தண்ணீர் குறையக் கூடாது, தலைவலிக்குக் கூட கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மருத்துவர் இதை மூன்று தடவை சொல்லியிருந்தார். அத்தையிடம் சொன்னேன். சாமிக்குச் சொன்ன வார்த்தை தப்பலாமா என்று அவர் முகம் கறுத்துப்போனது. “அவருக்குப் பதிலா நான் இருக்கேன் அத்தை. பாதி உடம்புதானே நானு” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஏத்துக்குவான் கண்ணு” என்றார்.

உப்பில்லாத ரசம் எப்படி இருக்கும் என்று சொல்லி விளங்க வைக்க முடியாது. நாலாம் நாள் ஊறுகாய் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். அது கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

கொலுசுக்குத்தான் பதினெட்டு நாள் பிடித்தது. முன்பெல்லாம் அவர் கையில் அது ஒரு நாள் வேலை. அந்த மாத்திரையில் கை லேசாக நடுங்கும். பொடிப்பொடி வளையத்தைக் கொறடில் பிடித்து, ஊதுகுழலால் நெருப்பை ஊதிப் பற்ற வைக்கிற வேலைக்கு அந்த லேசான நடுக்கம் போதும், கெட்டுப்போக. பற்ற வைப்பார், தவறும், வெட்டி எடுப்பார். கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். நான் பக்கத்தில் போகவே இல்லை. இந்த நாலு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை அதுதான். இன்னொன்று, நாள்காட்டியில் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று குறித்து வைப்பது. ஏழு ஆறாகி நாலானால் மருத்துவருக்கு போன். ஏடிஎம் கார்டு என்னிடம். அது அவர் தெளிவாக இருந்த ஒரு நாளில் அவரே எடுத்துக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை போயிருக்கக் கூடாது. கோரிமேடு தாண்டும்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. அடிவாரம் செக்போஸ்ட்டில் கார் வரிசை. இருபது கொண்டை ஊசி வளைவையும் அத்தை கையில் எலுமிச்சம்பழத்தோடு கண்ணை மூடியே கடந்தார். ஏரிக்கரையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், ரோஜாத் தோட்டம், கடைசியில் கோயில், எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டாம். கோயிலுக்கு மட்டும் என்றால் ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள். நான் பேரம் பேசப் பேச அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தமும் நெரிசலும் அவருக்கு ஆகாது. அவரோ அமைதியாக, “நாங்க சுத்திப் பார்க்க வரலீங்ண்ணா, நேர்த்திக்கடன்” என்றார். ஒரு பெரியவர் வண்டியைத் திருப்பினார்.

மேலே, 5,300 அடிக்கு மேல், அந்த வெட்டவெளியில் காற்று ஆளைத் தள்ளியது. குகை வாசலில் வரிசை. முன்னால் ஒரு கூட்டம் சாமிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. இந்த மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் குலதெய்வம் இருக்கிற இடம் இது, கொஞ்சம் அடக்கமாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? அத்தை வாய்விட்டே கேட்டுவிட்டார். நகர்ந்தார்கள்.

குனிந்துதான் உள்ளே போக வேண்டும். இருட்டும் ஈரமும் கற்பூர வாசனையும். இந்தக் குகை காவேரி வரைக்கும் போகிறது என்று அத்தை சின்ன வயதிலிருந்து கேட்டதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் இவர், இரண்டு கையிலும் ஏந்திய வாழையிலையில் கொலுசு. பின்னால் நான். சேர்வராயனும் காவேரியம்மனும் தீப வெளிச்சத்தில் தெரிந்தபோது எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள். அப்போது கேட்டது, சலங்கைச் சத்தம். மெல்ல, விடாமல். யார் ஆட்டுகிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் ஆட்டவில்லை. அவர் கை நடுக்கத்தில் கொலுசு தானாக ஒலித்துக்கொண்டிருந்தது.

எந்த நடுக்கத்தைப் பார்த்துப் பார்த்து நான் ராத்திரியில் அழுதேனோ, அதுதான். பூசாரி வாங்குவதற்குக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். “அம்மாவே நடந்து வர்ற மாதிரி இருக்குதுங்க” என்றார். ஒரு பக்கக் கொலுசில் ஓர் இணைப்பு கொஞ்சம் புடைத்திருந்தது, இவருக்கு அதுவே உறுத்தல். “சரியா வரலீங்க” என்றார் பூசாரியிடம். அவர் காதில் வாங்காமல் அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார்.

என்னென்னவோ கேட்க வேண்டும் என்று எழுதாத பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். கடன், பட்டறை, நோய் திரும்பி வரக் கூடாது என்பது. ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பனே, அம்மா, ஆளை வைத்திருக்கிறீர்களே, பக்கத்தில் நிற்கிறாரே, அவர் தோளில் என் கை படுகிறதே என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் இருந்தவர் “நகருங்கம்மா” என்று தள்ளும்வரை சொன்னேன். எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. திருநீறா குங்குமமா, என்ன கொடுத்தார்கள் என்பதும் நினைவில்லை.

கீழே வந்து ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். அவருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் முதலில். மறுநாள் காலையில் மாத்திரை போடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். தலையாட்டினார். இலையில் சோறு விழுந்ததும் பழக்கதோஷத்தில் நான் பரிமாறுகிறவரிடம் “எனக்குக் குழம்பு வேண்டாங்க, உப்பு” என்று ஆரம்பித்தேன்.

“முடிஞ்சுதும்மா” என்றார் இவர். இலை ஓரத்தில் இருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து என் சோற்றில் தூவினார். கை நடுங்கியதில் பாதி மேசையில் விழுந்தது.