எத்தனை மாடி கட்டலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே நிலம் வாங்கியவர்கள் நில அளவைக்காரனான என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மாடி கட்டலாம்?" என்பதைத்தான். 2010 மே மாதம் கிங் ஷாக்கா விமான நிலையம் லா மெர்சியில் திறக்கப்பட்டதிலிருந்து, அதைச் சுற்றியுள்ள மனைகளைப் பொறுத்தவரை இதற்கு உடனே சொல்லும்படியான பதில் கிடையாது. தரை மட்டம் தெரியாமல் மாடியைப் பற்றிப் பேச முடியாது.

விமானத்துக்குத் தடையாகாமல் எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற கணக்கின் அடிப்படை பெரும்பாலான நாடுகளில் ஒன்றுதான். பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, நிலையத்தின் மட்டத்துக்கு 45 மீட்டர் மேலே ஒரு சமதளம் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அதைத் தாண்டினால் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் ஏறி, மேலும் 100 மீட்டர் உயர்ந்து முடிகிறது. விளிம்பு தூக்கிய தாம்பாளத்தை ஊருக்கு மேலே பிடித்ததுபோல. ஓடுபாதையின் இரு முனைகளில் கெடுபிடி இன்னும் அதிகம். முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தரையிலேயே தொடங்கும் சாய்தளம், முதல் 3 கிலோமீட்டருக்கு 50க்கு ஒன்று என்றுதான் ஏறும். மொத்த நீளம் 15 கிலோமீட்டர். இவற்றில் எதையாவது கட்டடம் துளைத்தால், சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி பார்த்துச் சொல்லும்வரை செங்கல் எடுக்க முடியாது.

ஆனால் அந்த 45 மீட்டரை உங்கள் வாசற்படியிலிருந்து எண்ணக்கூடாது. நிலையம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் மேலே இருக்கிறது. ஆக அந்தச் சமதளம், அதாவது எல்லோருக்கும் மேலே உள்ள கூரை, கடல்மட்டத்திலிருந்து 135 மீட்டரில். 40 மீட்டர் மட்டத்தில் உள்ள பள்ளத்து மனையில் முப்பது மாடி எழுந்தாலும் விமானத்துக்குக் கவலையில்லை (மாநகராட்சி விடுமா என்பது வேறு கதை). 125 மீட்டர் மேட்டில் மூன்று மாடியோடு சரி. இந்தப் பக்கம் முழுக்கக் கரும்பு விளைந்த குன்றுகள், மேடும் பள்ளமும் பக்கத்துப் பக்கத்தில். "கீழே அவன் பத்து மாடி கட்டுறான், நான் ரெண்டு மாடி கேட்டா இல்லேன்னா எப்படி தம்பி?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். கரும்பு வெட்ட வந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் கோபம் வந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார். நல்ல காற்று, நல்ல காட்சி என்று மேட்டு மனைக்குத்தான் கூடுதல் விலை கொடுத்திருந்தார்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வருபவனுக்கு அளவையிலும் சில விசித்திரங்கள் காத்திருக்கின்றன. இடங்களை எண்களால் குறிக்க டர்பனில் நாங்கள் பயன்படுத்தும் 'லோ 31' முறையில் தெற்கும் மேற்கும்தான் கூட்டல் திசைகள்: அந்தப் பக்கம் போகப் போக எண் கூடும். அது ஒரு வாரத்தில் பழகிவிடும். ஜி.பி.எஸ். காட்டும் உயரம்தான் ஆபத்தானது. கருவி நேராகத் தருவது கணித வடிவப் பூமியிலிருந்து எடுத்த உயரம். கடல்மட்ட உயரத்துக்கும் அதற்கும் இங்கே 20 மீட்டருக்கு மேல் வித்தியாசம். திருத்தாமல் போட்டால் ஆறு மாடி காணாமல் போகும். வரைபடம் எதைப் பார்த்தாலும் உயரம் எந்த மட்டத்திலிருந்து என்ற குறிப்பைத்தான் நான் முதலில் தேடுவேன்.

"விமானம் அவ்வளவு உயரத்தில் போகிறதே, என் வீடா இடிக்கப் போகிறது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் இடிக்காது. கணக்கு, ஒழுங்காக நடக்காத நாளுக்கானது. இரட்டை எஞ்சின் விமானம் ஓடுபாதையில் விரையும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், சக்கரத்தை உள்ளிழுத்த பிறகு அது 100 மீட்டர் தூரத்துக்கு 2.4 மீட்டராவது ஏறியாக வேண்டும். பாதுகாப்புக்காக அதிலும் 0.8 கழித்து, 1.6 மீட்டர்தான் ஏறும் என்று வைத்து, வழியிலுள்ள தடையை 35 அடி இடைவெளியில் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் எஞ்சினுக்கும் இழுவை குறையும். தாண்டாது என்றால் எடையைக் குறைக்க வேண்டும்: சரக்கு, எரிபொருள், பயணிகள். ஆகவே பாதையில் ஒரு கட்டடம் எழுந்தால் விபத்து நடக்குமுன்பே 3,700 மீட்டர் ஓடுபாதையின் பயன் குறையத் தொடங்கிவிடுகிறது. ஒரு கட்டடத்துக்கு விலக்கு கொடுத்தால் அடுத்தவர் அதையே சுட்டிக்காட்டி வருவார். சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல. அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டிய இரண்டாவது ஓடுபாதைக்கு கொளப்பாக்கம் பக்கத்துக் கட்டடங்கள் தந்த தலைவலியைச் செய்தித்தாளில் படித்திருப்பார்கள்.

விண்ணப்பம் போடாமலே உயர்பவையும் உண்டு. யூகலிப்டஸ் மரத்துக்கு யார் பிளான் வாங்குகிறார்கள்? அதனால்தான் சுற்றுப்புறத்தை அவ்வப்போது திரும்ப அளக்க வேண்டியிருக்கிறது. நிலையத்துக்குப் பக்கத்து மவுண்ட் மோர்லேண்டின் நாணல் காட்டில் இங்கத்திய கோடையில் ஐரோப்பாவிலிருந்து வந்து அடைந்த லட்சக்கணக்கான தகைவிலான் குருவிகளுக்கும் விதி தெரியாது. அவற்றுக்காக நிலையத்தில் தனி ரேடாரே வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த வேலை ஒரு கோவில் கோபுரம். மேட்டு நிலம், ஐந்து நிலை, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதி. அவர் வரைபடத்தில் உயரம் கலசத்தின் அடியோடு நின்றிருந்தது. கலசத்தைச் சேர்த்தேன், இடிதாங்கியைச் சேர்த்தேன். கூரைக்குக் கீழே கொஞ்சம்தான் மிச்சம். கமிட்டித் தலைவர் ஒரு நிலையைக் குறைக்கலாமா என்றார். நான்கு நிலைக் கோபுரம் கிடையாது, ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்தபதி மறுத்துவிட்டார். அடி அகலத்தைச் சுருக்கினால் உயரமும் அதே விகிதத்தில் இறங்கும் என்றார். அஸ்திவாரம் இன்னும் போடவில்லை, பிழைத்தோம்.

அடுத்தது கிரேன். டவர் கிரேனை வேலை முடிந்த நேரத்தில் காற்றின் போக்கில் சுற்ற விட்டுவிடுவார்கள்; ஆகவே அதன் கை எட்டும் வட்டம் முழுவதையும் தடையாகவே கணக்கிட வேண்டும். கணக்கைக் காட்டியதும் ஸ்தபதி, "நான் எப்போ கிரேன் கேட்டேன் சார்? சாரம் கட்டி ஏத்திக்குவேன்" என்றார்.

சாரம் என்றதும்தான் கும்பாபிஷேகம் நினைவுக்கு வந்தது. அன்று கலசத்துக்கும் மேலே பலகை போட்டு, குருக்கள்மார் ஏறி நின்று தண்ணீர் ஊற்றுவார்கள்; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும். தற்காலிகமானாலும் தடை தடைதான். படிவத்தில் அதற்கென்று கட்டம் ஏதும் இல்லை. மற்ற விவரங்கள் என்ற இடத்தில் சாரத்தின் உயரத்தை எழுதி, பலகைக்கு மேலே இரண்டரை மீட்டர் கூட்டினேன்: ஆளுக்கும், அவர் தூக்கிப் பிடிக்கும் குடத்துக்கும் சேர்த்து.