74 மில்லிமீட்டர் மழையும் 12 கிலோ கேரட்டும்

எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் அண்ணன் ஒரு வானிலை ஆர்வலர். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவர்தான். ஆனால் ஜூன் பிறந்துவிட்டால், அரபிக்கடலில் எந்த மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைவிட அக்கறையாகப் பார்ப்பார். சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நீலகிரியின் குந்தா வட்டாரத்தில் மழை வெளுத்து வாங்கப் போகிறது, பெய்யும் இடத்திலேயே நின்று அளந்து வாட்ஸ்அப் குழுவில் உடனுக்குடன் சொல்ல வேண்டும் என்று என்னையும் என் காரையும் அழைத்தார். காரைத்தான் முதலில் அழைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கிளம்பும்போது அண்ணி படியில் நின்று, "வரும்போது கேரட் வாங்கிட்டு வாங்க, விலை என்னன்னு முன்னாடியே சொல்லிருங்க" என்றார்.

அந்த வட்டாரத்தில் மஞ்சூரைத் தேர்ந்தெடுத்ததற்கு அண்ணனிடம் காரணம் இருந்தது. நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் நின்று வாங்கிக்கொள்ளும். குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நன்றாக நனையும். மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர், அப்படியானால் 820 லிட்டர், நம் மொட்டைமாடிக்கு எத்தனை லிட்டர் என்று காரமடை தாண்டியதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கெத்தை வழியாக மேலேறும் அந்தச் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒரு வளைவில் சிக்னல் இரண்டு கோடு காட்டும். அண்ணன் "நிறுத்துங்க" என்பார். யானை நடமாடும் பாதையில் நிறுத்துவதற்கு எனக்குத் துணிச்சல் வருவதற்குள் அடுத்த வளைவு வந்து கோடுகளை அழித்துவிடும்.

காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை மழையளவு எடுக்கும் அதே நேரத்தில், ஒரு டீக்கடையை அடுத்த வெட்டவெளியில் அண்ணன் தம் மழைமானியை நட்டார். மழைமானி என்பது அவர் சொல். பார்வைக்கு அது அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள ஊறுகாய்ச் சாடி, பக்கவாட்டில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒட்டியிருந்தது. மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைத்தால் அளவு பொய்யாகும் என்று இடத்தை மூன்று முறை மாற்றினார். பிறகு கொச்சி ராடார் படத்தைத் திறந்தார். படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவதுபோல் இறங்கியது. முதலில் துறையின் பெயர் வந்தது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தேதி வந்தது. இரண்டாவது டீக்குப் பாலக்காடு வரை வந்தது. எங்கள் தலைக்கு மேல் இருந்த மேகம் படத்தில் தெரிவதற்கு முன்பாக எங்கள் தலைமேலேயே இறங்கிவிட்டது.

மழைதான் சிக்னலைத் தடுக்கிறது என்று நான் சொன்னபோது அண்ணன் கோபப்பட்டார். செல்பேசி பயன்படுத்தும் அலைகளை மழை பெரிதாக ஒன்றும் செய்வதில்லையாம். மலைதான் குறுக்கே நிற்கிறது. ஒரு கோபுரத்துக்கும் இன்னொரு கோபுரத்துக்கும் இடையே நுண்ணலையில் இணைப்புக் கொடுத்திருந்தால், அந்த நுண்ணலையைத்தான் கனமழை கரைக்கும். இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த டீக்கடைக்காரர், "ராத்திரியே கரண்ட் போயிருச்சுங்க, டவர்ல பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று ஒரே வரியில் விசாரணையை முடித்துவைத்தார். அண்ணனிடம் இரண்டு நிறுவனங்களின் சிம் இருந்தது. இரண்டும் ஒற்றுமையாகப் படுத்திருந்தன.

இதற்கிடையில் ஊருக்குச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. கிண்ணக்கொரைப் பக்கமிருந்து வந்த பேருந்தின் நடத்துநர், எந்த இடத்தில் மரம் சாய்ந்தது, எந்த ஓடை சாலைக்கு ஏறியது என்பதையெல்லாம் படியில் தொங்கியபடியே அறிவித்துவிட்டுப் போனார். மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காடை போட்டுக்கொண்டு தேயிலை பறிக்கப் போன அம்மா ஒருவர் எதிர்மலையைப் பார்த்து, "இன்னும் அரை மணி நேரம் அடிக்கும்" என்றார், அப்படியே அடித்தது. அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

பிற்பகல் ஒரு மணிக்குச் சாடியில் 74 மில்லிமீட்டர். கோயம்புத்தூரில் குழுவினர் காத்திருப்பார்கள் என்ற நினைப்பே அண்ணனை நிற்கவிடவில்லை. "அந்தக் கற்பூர மரத்துக்குக் கீழ நின்னு பாருங்க, வெளியூர்ல மகன் இருக்கிறவங்க எல்லாம் அங்கதான் நின்னு பேசுவாங்க" என்றார் கடைக்காரர். நாங்கள் நின்றோம். மரத்தடியில் கால் வழுக்கி வழுக்கிப் பளபளத்துப்போன ஒரு கல் இருந்தது. அதன்மேல் ஏறி, வலது கையை உயர்த்தினால் ஒரு கோடு, கையை இறக்கினால் ஒன்றுமில்லை. குடையை நான் பிடிக்க, செல்பேசியை அவர் பிடிக்க, கோபுரமே இல்லாத திசைக்கு இருவரும் அபிஷேகம் செய்துகொண்டிருந்தோம். வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறி சுற்றியதே தவிர எதுவும் போகவில்லை. குறுஞ்செய்திக்கு இந்த அளவு சிக்னல் போதும் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. நனைந்த விரலால் அண்ணிக்கு அடித்தார்: "74. குழுவில் போடு." போய்விட்டது! அண்ணன் அந்தக் கல்லிலிருந்து இறங்கிய தோரணையைப் பார்த்திருந்தால், அவலாஞ்சி மழையையே அவர்தான் பெய்வித்தார் என்று நம்பியிருப்பீர்கள்.

மாலையில் காரமடைக்கு இறங்கியதும் இருவர் செல்பேசியும் விடாமல் அலறத் தொடங்கின. காலை 7 மணிக்கு வந்திருக்க வேண்டிய கனமழை எச்சரிக்கை அப்போதுதான் வந்தது. வானிலைக் குழுவில் 74 பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணி வேறு குழுவில் போட்டிருந்தார். எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் குழுவில், "ஊட்டி கேரட் கிலோ 74 ரூபாய், யாருக்கெல்லாம் வேண்டும்?" என்ற கேள்விக்குக் கீழே ஆறு வீடுகள் தலைக்கு இரண்டு கிலோ கேட்டிருந்தன. இரண்டாம் மாடி ஆசிரியை மட்டும், மண் போகக் கழுவியதா என்று விசாரித்திருந்தார்.

காரமடைச் சந்தையில் கேரட் கிலோ 80 ரூபாய்க்குக் கீழே இறங்க மறுத்தது. அண்ணன் பேரம் பேசவில்லை. பன்னிரண்டு கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு, சாடியை மடியில் வைத்துக்கொண்டு, கிலோவுக்கு ஆறு ரூபாய் வீதம் 72 ரூபாய் கைநட்டம் என்று கணக்கெழுதினார்.